இன்னொரு உலகம்மாள்

ஜூன் 4

வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருக்கும்போது செல்போன் சிணுங்கியது. பாங்கிலிருந்து செய்தி. என் கணக்கில் எட்டாயிரம் ரூபாய் வரவு. யார் போட்டார்கள் என்று இல்லை, நீளமாக ஒரு எண் மட்டும் இருந்தது.

பென்ஷன் போன வாரமே வந்துவிட்டது. வேறு யார் எனக்குப் பணம் அனுப்பப் போகிறார்கள்? அவர் போய் ஒன்பது வருஷம் ஆகிறது. கூடப் பிறந்தவர்கள் கிடையாது. யாரும் எனக்குக் கடன் பாக்கியும் வைக்கவில்லை. மிச்சம் இருப்பது ஒரே ஒரு ஆள். அவன் புனேயில் இருக்கிறான்.

நகைக்கடையில் கொடுத்த இந்த டைரி ஜனவரியிலிருந்து அரிசி டப்பாவுக்கு மேல் கிடந்தது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தபோது ஷிப்டு முடிந்தால் நடந்ததை எழுதிவைத்துவிட்டுத்தான் எழுந்திருப்பேன். ரிட்டையர் ஆனபிறகு எழுத என்ன இருந்தது? இன்று இருக்கிறது. எழுதிவிட்டேன்.

வெண்டைக்காய்ப் பொரியல் நன்றாக வந்தது.

ஜூன் 5

எட்டாயிரத்தை மொட்டையாக அனுப்பியிருக்கிறான். ஒத்த ரூபாய் சேர்த்தால் குறைந்தா போய்விடுவான்? அவன் பரீட்சைக்குப் போகும்போதெல்லாம் பதினோரு ரூபாய்தான் கொடுப்பேன். பத்து கொடுத்தால் கணக்கு முடிந்துவிட்டது என்று அர்த்தம், ஒன்று சேர்ந்தால் இன்னும் இருக்கிறது என்று அர்த்தம். இதைச் சொல்லிச் சொல்லித்தான் வளர்த்தேன். வடக்கே போனதும் மறந்துவிட்டான். அவன் கட்டிக்கொண்ட அந்தப் பெண் வீட்டில் இதெல்லாம் கிடையாதோ என்னவோ.

பக்கத்து வீட்டு ரஹ்மத் தைக்கக் கொடுத்திருந்த ரவிக்கையோடு வந்தாள்.

"எக்கா, என்ன இன்னைக்கு முகம் பளிச்சுன்னு இருக்கு?"

"வெண்டைக்கா வெல கொறஞ்சிருக்குல்லா."

அவள் நம்பவில்லை. நம்பாவிட்டால் போகட்டும்.

ஜூன் 10

பாஸ்புக் அச்சடித்தால் யார் அனுப்பியது என்று பெயரோடு வரும். மாதம் பிறந்தால் முதல் வேலையாகப் போய் அச்சடித்துக்கொண்டு வருகிறவள்தான் நான். இன்று கிளம்பினேன். சாரல் பிடித்துக்கொண்டது. குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டதாம், பஸ்ஸெல்லாம் துண்டோடு ஜனம். பாஸ்புக் நனைந்துவிட்டால் யார் பதில் சொல்வது? திரும்பி வந்துவிட்டேன்.

ஜூன் 13

முன்னறை மின்விசிறி நாலு வருஷமாக ஓடவில்லை. ஆள் கூப்பிட்டுச் சரி செய்தேன். அந்த அறையில் யாரும் படுப்பதில்லைதான். ஆனாலும் ஒரு பொருள் கெட்டுக் கிடக்கக் கூடாது.

ஜூன் 19

கிரெடிட் கார்டு வேண்டுமா என்று ஒரு பெண் போனில் கேட்டாள். சொந்த ஊர் விழுப்புரம், அக்காவுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்களாம். வெகுநேரம் பேசினோம். கடைசியில் கார்டு வேண்டாம் என்றேன். கோபித்துக்கொள்ளாமல், "உடம்பைப் பாத்துக்கங்க மேடம்" என்று சொல்லி வைத்தாள்.

ஜூன் 24

முழங்கால் வலி. பாங்குக்குப் போகவில்லை.

ஜூலை 3

வந்துவிட்டது! அதே எட்டாயிரம். அதே மொட்டை.

ஒரு தடவை என்றால் ஏதோ நினைப்பில் அனுப்பினான் என்று விட்டுவிடலாம். இரண்டாம் மாதமும் வந்தால் மனதில் வைத்துக்கொண்டுதான் செய்கிறான். வாய் திறந்து பேச ரோஷம் விடவில்லை, பணமாக அனுப்புகிறான். அப்படியே அவன் அப்பா. அவரும் என்னோடு சண்டை போட்டால் பேச மாட்டார், மல்லிகைப்பூவை மட்டும் ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டுப் போவார்.

சாயங்காலம் போனைத் துடைக்கும்போது கை தவறி மகன் மதியின் நம்பரில் பட்டுவிட்டது. ஒரு மணி அடித்தது. உடனே வைத்துவிட்டேன். ரஹ்மத் கறிவேப்பிலை வாங்க வந்தவள் பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறாள்.

"முப்பது வருஷம் நம்பர் போட்ட கை, தவறுமாக்கா?"

"வயசானா எல்லாந்தான் தவறும். கறிவேப்பில வேணுமா வேண்டாமா?"

அவன் திருப்பிக் கூப்பிடவில்லை. ஆபீஸ் நேரம்.

ஜூலை 9

முன்னறைக்கு வெள்ளையடித்தேன். நானே இல்லை, ஆள் வைத்து. அவன் அனுப்பியதில் ஒரு பைசா தொடவில்லை, என் பென்ஷனில்தான். பிள்ளை பணத்தைத் தொட மனம் வரவில்லை. இருக்கட்டும், வந்தால் கையில் கொடுத்து, "ஒத்த ரூபாயை மறந்துட்டியேடா" என்று கேட்க வேண்டும்.

வெள்ளையடித்தவன், "விருந்தாள் வாராவளாம்மா?" என்று கேட்டான். தீபாவளி வருகிறதே என்றேன். "தீவாளிக்கு இன்னும் நாளு கெடக்கே" என்றான். கூலி வாங்குகிறவனுக்கு இவ்வளவு வாய் கூடாது.

ஜூலை 16

பாங்குக்குப் போகலாம் என்று புடவை மாற்றினேன். ராகு காலம். மறுபடியும் பழைய புடவையைக் கட்டிக்கொண்டேன்.

ஜூலை 28

இரண்டு தலையணை வாங்கினேன். ஒன்று வாங்கினால் போதும் என்றுதான் போனேன். ஜோடியாக வாங்கினால் விலை குறைவு என்றான் கடைக்காரன். அந்தப் பெண்ணும் வந்தால் தரையிலா படுக்க வைக்க முடியும்?

ஆகஸ்ட் 3

மூன்றாவது தடவை. எட்டாயிரம். ரஹ்மத்திடம் சொல்லிவிட்டேன். சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன், வாய் கேட்கவில்லை.

"மதி தம்பியா? பேசுனாராக்கா?"

"பேசல. துட்டு மட்டும் அனுப்புதான்."

"அவருதான்னு எப்படித் தெரியும்? பாங்க்காரன் தப்பாக்கூட போட்டிருப்பான். எங்க மச்சானுக்கு அப்படித்தான் ஒரு தடவை வந்துச்சு. செலவழிச்சிட்டு, பொறவு திருப்பிக் கட்டச் சொன்னப்போ முழி பிதுங்கிச்சு. வந்த அன்னைக்கே பாங்குல போய்ச் சொல்லியிருக்கணுமாம்."

அவள் மச்சானும் என் மகனும் ஒன்றா? கோபம் வந்தது. பாலைக் கொதிக்கவிட்டுவிட்டேன் என்று சொல்லி உள்ளே வந்துவிட்டேன். அடுப்பில் பாலே இல்லை.

ஆகஸ்ட் 7

இன்று வெயிலும் இல்லை மழையும் இல்லை, ராகு காலமும் இல்லை. முழங்காலும் சும்மா இருந்தது. ரஹ்மத்துக்குக் காட்டுவதற்காகவாவது அச்சடித்துவிடலாம் என்று பாங்குக்குப் போனேன். பாஸ்புக் மெஷின் முன்னால் வரிசை நீளமாக இருந்தது. உட்கார்ந்தேன்.

"உலகம்மாள்! ச. உலகம்மாள்!" என்று கவுண்டரில் கூப்பிட்டார்கள். நான் எழுந்தேன். எனக்கு முன்னால் இன்னொருத்தி எழுந்து போனாள். இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. கோயிலில் இருப்பவள் உலகம்மன். தென்காசியில் கல்லை விட்டெறிந்தால் ஏதாவது ஓர் உலகம்மாள் தலையில்தான் விழும். எக்ஸ்சேஞ்சிலேயே நாங்கள் மூன்று பேர் இருந்தோம்.

ஒல்லியான பெண். என்னைவிட நாலைந்து வயது குறைவாக இருப்பாள். பீடி சுற்றுகிறவள் போலிருக்கிறது, பக்கத்தில் போனபோது புகையிலை வாசம் வந்தது. இரண்டு காதிலும் கம்மல் இல்லை. ஓட்டை தூர்ந்துபோகாமலிருக்க ஈர்க்குச்சி செருகியிருந்தாள்.

"ஐயா, நல்லாப் பாத்துச் சொல்லுங்க. மூணு மாசமா போட்டுட்டேன், போட்டுட்டேன்னு சொல்லுதான் எம் மவன். எர்ணாகுளத்துல டைல்ஸ் ஒட்டுதான். மாசம் எட்டாயிரம்."

"உங்க கணக்குல ஒண்ணும் வரலம்மா. எத்தன தடவ சொல்றது? உங்க மகன்கிட்டயே கேளுங்க. அடுத்தவங்க வாங்க."

அவள் என் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்து போன் போட்டாள். மகன் எடுத்தான் போல. "ஏல, பாங்குல நின்னுதாம்ல பேசுதேன். வரலன்னு சொல்லுதாவ. எதுக்குல பெத்தவகிட்ட இப்படிப் பொய் சொல்லுத? இல்லன்னா இல்லன்னு சொல்லிட்டுப் போயேன்" என்று கத்தினாள். அந்தப் பக்கம் அவனும் கத்தினான். பணத்தை வாங்கி அவன் அக்காவுக்குக் கொடுத்துவிட்டு வரவில்லை என்று சொல்கிறாய் என்றானாம். அவள் போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்து, "கேட்டியளா அக்கா, நாந்தான் பொய் சொல்லுதேனாம்" என்றாள்.

இந்தக் காலத்துப் பிள்ளைகள் அப்படித்தான் என்றேன்.

நல்ல கூட்டம். பாஸ்புக் அச்சடிக்காமல் வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 8

கத்திரிக்காய் கசப்பு. சாப்பிடவில்லை.

ஆகஸ்ட் 12

எட்டாயிரம் என்பது எல்லோரும் அனுப்புகிற தொகைதான். பத்தாயிரம் அனுப்ப முடியாதவன் எட்டு அனுப்புவான். இதை வைத்து எதையும் முடிவுகட்ட முடியாது.

ஆகஸ்ட் 15

கொடியேற்றம் பார்க்கப் போகவில்லை. தலையணை உறை துவைத்தேன். யாரும் படுக்காத தலையணைக்கு எதற்குத் துவைப்பு என்று ரஹ்மத் கேட்டாள். புது உறையில் கஞ்சி இருக்கும், கழுத்தில் உறுத்தும் என்றேன்.

ஆகஸ்ட் 23

கிரெடிட் கார்டுப் பெண் மறுபடி கூப்பிடுவாள் என்று நினைத்தேன். இன்று வந்தது வேறு யாரோ. பதிவு செய்த குரல். அதோடு என்ன பேசுவது?

ஆகஸ்ட் 29

மார்க்கெட்டில் ஒருத்தி ஈர்க்குச்சிக் காதோடு எதிரே வந்தாள். நான் வேறு சந்தில் திரும்பிவிட்டேன். அவள் இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. இந்த ஊரில் கம்மலை அடகு வைத்தவள் அவள் ஒருத்திதானா?

செப்டம்பர் 3

வரவில்லை.

செப்டம்பர் 4

வரவில்லை. போன் கெட்டுவிட்டதோ என்று ரஹ்மத்தை விட்டு ஒரு செய்தி அனுப்பச் சொன்னேன். உடனே வந்தது. போனில் ஒரு குறையும் இல்லை.

செப்டம்பர் 5

காலையில் குளித்துவிட்டுக் கஞ்சி குடிக்க உட்கார்ந்தேன். இந்த மாதம் ஏன் வரவில்லை என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. எர்ணாகுளத்தில் ஒருத்தன் கோபித்துக்கொண்டு நிறுத்திவிட்டான். அனுப்பினாலும் பொய்யன், அனுப்பாவிட்டாலும் பொய்யன் என்றால் எவன் அனுப்புவான்? என் மகனைப்போல அவனும் இனிப் பேசமாட்டான். அந்த இன்னொரு உலகம்மாளும் என்னைப்போல போனைத் துடைத்துத் துடைத்து வைப்பாள். ஆகஸ்டிலேயே நான் வாயைத் திறந்திருந்தால் இது இந்த அளவுக்குப் போயிருக்காது. எனக்குத் தெரியும், தெரிந்துதான் கத்திரிக்காய் கசந்தது. கஞ்சியை அப்படியே வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

மெஷினில் பாஸ்புக்கை நுழைத்தேன். கிர் கிர் என்று அடித்துத் துப்பியது. எட்டாயிரம் என்று மூன்று வரி, மூன்றிலும் இசக்கிராஜ். மதிவாணன் என்று எங்கேயும் இல்லை. தெரிந்த விஷயம்தான், இருந்தாலும் விரலை வைத்து இன்னொரு தடவை படித்தேன்.

உள்ளே உதவி மேலாளர் ஹெலன் என்று ஒரு பெண், முப்பது வயது இருக்கும், சொந்த ஊர் நாசரேத் பக்கம். அவளிடம் பாஸ்புக்கை நீட்டி, "இது எம் பணம் இல்ல. இன்னொரு உலகம்மா இருக்கா, போன மாசம் கவுண்டர்ல நின்னு கெஞ்சுனா. அவளுக்கு வரவேண்டியது" என்றேன். அவள் கம்ப்யூட்டரில் தட்டினாள், போன் செய்தாள், யாரையோ கூப்பிட்டு மெதுவான குரலில் திட்டினாள். பிறகு விஷயத்தைச் சொன்னாள். மே மாதம் அவள் மகன் இசக்கிராஜ் நேரில் வந்திருக்கிறான். அம்மாவின் பழைய பாஸ்புக் மழையில் ஊறிப்போனதால் கணக்கு எண்ணைக் கேட்டிருக்கிறான். கவுண்டரில் இருந்தவர் ச. உலகம்மாள் என்று தேடி, முதலில் வந்த எண்ணை எழுதிக் கொடுத்துவிட்டார். அது என் எண். பிறகு புது பாஸ்புக்கைச் சரியான கணக்குக்குப் போட்டு அவளிடம் கொடுத்திருக்கிறார்கள்.

"அவங்க வீட்டுக்காரர் சண்முகவேல், உங்க வீட்டுக்காரர் சங்கரலிங்கம். ரெண்டும் ச. முழுப் பேரைப் பார்த்திருக்கணும். எங்க தப்புதாம்மா" என்றாள். அந்தப் பணத்தை எடுத்துக்கொள்ளச் சம்மதம் என்று ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டாள். "செலவழிக்காம அப்படியே வச்சிருந்தீங்களே, நல்லவேளை. நீங்களா வந்து சொன்னதுக்கு ரொம்ப நன்றிம்மா. சிலர் வாயே திறக்க மாட்டாங்க."

நான் மேஜையில் இருந்த குண்டூசி டப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இதுக்கு முன்னாடியும் பேர்க் குழப்பத்துல உங்களுக்கு ஏதும் வந்திருக்கான்னு பார்த்துடறேன்" என்று பழைய வரவுகளை ஒவ்வொன்றாக மேலே தள்ளிக்கொண்டே போனாள். "இதோ ஒண்ணு இருக்கே. நாலு வருஷம் முன்னாடி. பத்தாயிரத்து ஒண்ணு. ச. மதிவாணன்னு இருக்கு. அன்னைக்கே முழுசா திரும்பப் போயிருக்கு. இதுவும் தப்பா வந்ததாம்மா?"

"ஆமா" என்றேன். "தப்பா வந்ததுதான்."

அதைப் பற்றி இங்கே எழுத ஒன்றும் இல்லை. மதி அந்தப் பெண்ணை ரிஜிஸ்தர் கல்யாணம் முடித்துவிட்டுப் புடவை எடுத்துக்கொள்ளச் சொல்லி அனுப்பியது. யாருக்கு வேண்டும் அந்தப் புடவை?

ஹெலன் போனில் வரச் சொல்ல, அரை மணி நேரத்தில் பக்கத்து ஊர் மேலகரத்திலிருந்து அவள் வந்துவிட்டாள். காதில் இன்னும் ஈர்க்குச்சிதான். ஹெலன் எல்லாவற்றையும் சொல்லி, பணம் அவள் கணக்குக்குப் போய்விட்டது என்று சீட்டைக் கையில் கொடுத்தாள். அவள் சீட்டைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள்.

"அன்னைக்கு எம் பக்கத்துலதான இருந்திய? நான் கத்துனதைக் கேட்டுக்கிட்டுதான இருந்திய?"

"இருந்தேன்."

"மூணு மாசம் ஒருத்தர் கணக்குல எட்டு எட்டாயிரமா வந்து விழுந்தா, யாருதுன்னு கேக்கத் தோணாதா? நான் கம்மலை வச்சேன். மகளிர் சங்கத்துக் கடன் கட்டலன்னு வீட்டு வாசல்ல வந்து ஏசுனாவ. அதுகூடப் போவட்டும். பெத்த புள்ளையப் பொய்யன்னு ஏசிட்டேனே."

ஹெலன் நடுவில் வந்தாள். நான் அவளைச் சும்மா இருக்கச் சொன்னேன். பாங்கில் இருந்த எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எம் மகன் அனுப்புனான்னு நெனச்சேன்" என்றேன்.

"ஒங்க மகன் அனுப்புனா ஒங்களுக்குத் தெரியாதா?"

தெரியும். ஜூன் ஐந்தாம் தேதியே தெரியும். ஒத்த ரூபாய் இல்லாமல் அவன் அனுப்பமாட்டான். பத்தாயிரத்து ஒன்று அனுப்பியவன் அவன். அந்த ஒன்றையும் சேர்த்துத் திருப்பி அனுப்பியவள் நான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அத்தனை பேர் முன்னால் அழுதேன், அவர் இறந்த அன்றுகூட நான் அப்படி அழவில்லை.

அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து மகனுக்குப் போன் போட்டாள். போட்டுப் போட்டுப் பார்த்தாள். மணி அடித்தது, அவன் எடுக்கவில்லை. "எம் நம்பரப் பாத்தா எடுக்க மாட்டாங்கான்" என்றாள். "வச்சிருக்கது ஒரே ஆம்பளப் புள்ள."

"நம்பரச் சொல்லு" என்று என் போனை எடுத்தேன். இரண்டாவது மணியில் எடுத்துவிட்டான். பின்னால் கல் அறுக்கிற சத்தம். ரிட்டையர் ஆனபிறகு முதல்முறையாக அந்தப் பழைய குரல் எனக்கு வந்தது.

"வணக்கம். தென்காசியிலேர்ந்து கூப்பிடுறோம். இசக்கிராஜுக்கு ஒரு கால் இருக்கு. லைன்ல இருங்க."

போனை அவள் கையில் கொடுத்துவிட்டுத் தண்ணீர் கேன் பக்கம் போய் நின்றேன். லைனைச் சேர்த்துவிட்டபின் ஒட்டுக் கேட்கக் கூடாது என்பதுதான் எங்கள் வேலையில் முதல் பாடம். ஆனால் அவள் பேசியது பாங்க் முழுக்கக் கேட்டது. "ஏல, வைக்காதல, அம்மாதாம்ல. துட்டு கெடச்சிட்டுல. பாங்க்காரவ தப்பா இன்னொரு வீட்டுல போட்டுட்டாவ. நீ பொய் சொல்லலல. நாந்தாம்ல மூதி." பிறகு வெகுநேரம் அவன் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில், "சாப்ட்டியால?" என்றாள்.

போனைத் திருப்பித் தரும்போது முந்தானையால் துடைத்துக் கொடுத்தாள். சீட்டை மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

செப்டம்பர் 6

முன்னறை மின்விசிறியை நிறுத்தினேன். கொஞ்ச நாளாக நான் அந்த அறையில் போய் உட்கார்ந்துகொண்டிருந்திருக்கிறேன். டைரியில் எழுதவில்லை.

செப்டம்பர் 14

ஒன்றுமில்லை. சாம்பார்.

செப்டம்பர் 22

ஞாயிற்றுக்கிழமை. வாசலில், "உலகம்மாக்கா வீடு இதுதான?" என்று சத்தம். அவள்தான். வீட்டை ரஹ்மத் காட்டியிருக்கிறாள். காதில் கம்மல் பளபள என்று இருந்தது. மகன் லீவு போட்டு வந்துவிட்டுப் போனானாம். நேந்திரங்காய் சிப்ஸ் ஒரு பொட்டலம் கொண்டுவந்தாள்.

"அன்னைக்கு ரொம்ப ஏசிட்டேன்" என்றாள்.

"ஏசுனதுல தப்பு ஒண்ணும் இல்ல."

"தப்பு இல்லதான்" என்று உடனே ஒத்துக்கொண்டாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காப்பி போட்டேன். அவள் வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். முன்னறையின் புது வெள்ளையையும் இரண்டு தலையணையையும் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"ஒங்க மகன் பேசுனானா?"

"இல்ல."

"நீங்க பேசுனியளா?"

சிப்ஸில் உப்புக் கொஞ்சம் தூக்கல் என்றேன்.

"எனக்கு நீங்க போன் போட்டுக் குடுத்திய. ஒங்களுக்கு யாரு போட்டுக் குடுப்பா?" என்று கேட்டுவிட்டு, காப்பி டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள். இனி அடிக்கடி வருவாளோ என்னவோ. சீனி வாங்க வேண்டும், நான் சர்க்கரை போடாமல் குடிக்கிறவள், அவள் மூன்று கரண்டி கேட்கிறாள்.

அக்டோபர் 9

பாங்கில் பணம் போடுகிற மெஷின் வைத்திருக்கிறார்கள். கணக்கு எண்ணைத் தட்டி நோட்டை வைத்தால் போதும், யார் போடுகிறார்கள் என்று கேட்காது, எந்த ஊரில் போட்டது என்று மட்டும் விழும். மதி காலேஜில் சேர்ந்தபோது நான்தான் கூட்டிவந்து கணக்குத் திறந்து வைத்தேன். அந்த எண் எனக்கு மனப்பாடம். ஐநூறு ரூபாய் நோட்டு ஒன்றை வைத்தேன். ஒத்த ரூபாயையும் முந்தானையில் முடிந்துகொண்டு போயிருந்தேன், மெஷின் நாணயம் வாங்காது என்றார் காவலாளி. அதுவும் நல்லதுதான். மொட்டையாக ஐநூறு போனால் நான் என்று தெரியாது. ஏதோ பாங்க் தப்பு என்று நினைப்பான்.

அவன் நாலாவது படிக்கும்போது கடைக்காரர் மீதிச் சில்லறையில் அஞ்சு ரூபாய் கூடக் கொடுத்துவிட்டார். மத்தியான வெயிலில் அவனைத் திரும்ப நடத்திக் கூட்டிக்கொண்டு போனேன். வழியெல்லாம் அழுதான். கடைக்காரர் கொடுத்த கடலைமிட்டாயைக்கூட வாங்கவிடவில்லை. அப்படி வளர்ந்தவன் தப்பாக வந்த பணத்தை வைத்துக்கொள்ள மாட்டான். விசாரிப்பான். விசாரிக்க யாரையாவது கூப்பிட்டுத்தான் ஆகவேண்டும். தென்காசியில் அவனுக்கு வேறு யாரைத் தெரியும்?

இன்று அவன் பிறந்தநாள். மெஷினுக்குப் போனதும் அதுவும் ஒரே நாளில் வந்தது தற்செயல்.

மதி கட்டிக்கொண்ட அந்தப் பெண்ணின் பெயர் ஸ்நேகல். எங்கேயாவது எழுதிவைத்தால்தான் வாயில் வரும் என்று எழுதுகிறேன்.

அக்டோபர் 10

போன் வரவில்லை.

அக்டோபர் 12

சரஸ்வதி பூஜையெல்லாம் முடிந்தது. சுண்டல் மிச்சம். போன் வரவில்லை. மேலகரத்து உலகம்மாள் வந்து சுண்டலைத் தின்றுவிட்டு, இன்னும் கொஞ்சம் காரம் போட்டிருக்கலாம் என்றாள்.

அக்டோபர் 15

மத்தியானம் இரண்டே காலுக்குச் செல்போன் சிணுங்கியது. பேச்சு இல்லை, செய்திதான். பாங்கிலிருந்து. என் கணக்கில் வரவு. யார் போட்டார்கள் என்று இல்லை, நீளமாக ஒரு எண்.

தப்பாக வந்ததைத் திருப்பி அனுப்பிவிட்டான். நான் அவனுக்குச் செய்ததையே எனக்குச் செய்துவிட்டான், சரிக்குச் சரி. ஒழுங்காகத்தான் வளர்த்திருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு போனைக் கவிழ்த்து வைத்தேன். அரிசி களைந்தேன். அப்புறம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தொகையை இன்னொரு தடவை பார்த்தேன்.

ஐநூற்று ஒன்று.

ஐநூறு இல்லை. ரஹ்மத்தைக் கூப்பிட்டுக் காட்டினேன், அவளும் ஐநூற்று ஒன்று என்றுதான் படித்தாள். "எக்கா, எதுக்கு அழுதிய?" என்று கேட்டாள். ஒத்த ரூபாய்க்கு என்றால் அவளுக்கு என்ன புரியும்?

வெளியே கொட்டுகிறது. தெரு முழுக்கத் தண்ணீர். குடைக்கம்பி ஒடிந்து கிடக்கிறது. முழங்கால் காலையிலிருந்து வலி, செவ்வாய்க்கிழமையாதலால் மூன்றிலிருந்து நாலரை வரைக்கும் ராகு காலம் வேறு. பாஸ்புக்கைப் பால் கவரில் சுற்றி இடுப்பில் செருகியாகிவிட்டது. பாங்க் மூட இன்னும் நேரம் இருக்கிறது. கிளம்புகிறேன்.